பத்தடி அறைக்கு எந்த லென்ஸ்?

செப்டம்பர் முடிந்து மழை விடைபெற்றதும் மும்பை மாட்டுங்காவில் மெத்தை, தலையணையெல்லாம் மொட்டைமாடிக்கு ஏறும். அதே வாரத்தில் பரணிலிருந்து பழைய கேமராப் பெட்டிகள் இறங்கும். இறங்கியவற்றில் பாதி என் வீட்டுக்கு வந்து சேரும். ஃபோர்ட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு முப்பத்தாறு ஆண்டுகள் கேமரா பழுதுபார்த்தவன் நான். மேசையை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன; தொழில்தான் என்னை விடவில்லை. பிலிம் கேமராவுக்கு லென்ஸ் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, ‘எது சிறந்த லென்ஸ்?’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டன. அவற்றை ஒதுக்கிவிட்டேன். செருப்புக் கடைக்காரர்கூட முதலில் காலைத்தான் பார்ப்பார். எங்கே நின்று, யாரை, எப்போது எடுக்கப் போகிறோம் என்று எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

தாராவியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அப்பா 1980இல் குவைத்திலிருந்து வாங்கி வந்த நிக்கான் எஃப்எம் கேமராவும் 50 மி.மீ. எஃப் 2 லென்ஸும் நல்ல நிலையில் இருக்கின்றன. எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் அப்பா, அம்மா, பாட்டி, தங்கை நால்வரையும் சேர்த்து எடுக்க வேண்டும். பொங்கலன்று தெருவில் பானை வைப்பதையும் எடுக்க வேண்டும். இன்னும் ஒரு லென்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, 50 மி.மீ. எஃப் 1.4 வாங்கு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. கடைக்காரர் போடுவது வெளிச்சக் கணக்கு. உங்கள் வீட்டில் இருப்பது இடப் பிரச்சினை.

டேப்பை எடுத்து அறையை அளந்து பாருங்கள். நம் பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ. நீங்கள் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும் என்று தெரிந்துவிடும். அறை பத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் கேமரா ஓரடி முன்னால் இருக்கும். எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்காரும் பாட்டிக்கு இரண்டடி போகும். மிஞ்சுவது ஏழடி. ஏழடியில் 50 மி.மீ. லென்ஸ் ஐந்தடி அகலத்தைத்தான் பார்க்கும். தோளோடு தோள் உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டடி. ஆக, படத்தில் இரண்டரைப் பேர். எஃப் 1.4 என்று எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் அந்த அரை ஆள் முழு ஆளாக மாட்டார். 35 மி.மீ. ஏழடி சொச்சம் பார்க்கும். 28 மி.மீ. ஒன்பதடி. நால்வரும் அடங்கி, ஓரத்தில் தண்ணீர்க் குடத்துக்கும் இடம் இருக்கும். ஒன்று மட்டும்: படத்தின் ஓரத்தில் இருப்பவர் முகம் கொஞ்சம் இழுபடும். பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். ஓரத்துக்குத் தங்கை போகட்டும்.

இனி வெளிச்சம். எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் குறையக் குறையத் துளை பெரிது. எஃப் 2க்கும் எஃப் 1.4க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்கு. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் மி.மீ. எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் காலத்து வழக்கு: 50க்கு 1/60 நொடி, 28க்கு 1/30. ஆக, 28ஐ எஃப் 2.8இல் 1/30 வைத்து எடுத்தாலும், 50ஐ எஃப் 2இல் 1/60 வைத்து எடுத்தாலும் பிலிமில் விழும் வெளிச்சம் ஒன்றுதான். துளையில் போன ஸ்டாப் ஷட்டரில் திரும்பி வந்துவிடுகிறது. எதிரே இருப்பவர்கள் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் போதாவிட்டால் இல்ஃபோர்ட் ஹெச்பி5 கறுப்பு வெள்ளை பிலிமின் வேகத்தை 400க்குப் பதில் 1600 என்று மீட்டரில் வைத்து எடுத்துவிட்டு, கழுவுபவரிடம் இரண்டு ஸ்டாப் கூட்டிக் கழுவச் சொல்லுங்கள். படம் சற்றுச் சொரசொரப்பாக வரும். சுருக்கம் விழுந்த முகத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

நிக்கானில் 28 மி.மீ. எஃப் 2.8 பலவிதம். ஏஐ-எஸ் வகை லென்ஸின் தூர வளையத்தில் கடைசி எண் 0.2, அதாவது இருபது சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். முகப்பில் ‘சீரீஸ் ஈ’ என்று பொறித்தது எளிய அமைப்பு, விலையும் குறைவு, 0.3 மீட்டரோடு நின்றுவிடும். முதலாவதைத்தான் வாங்க வேண்டும் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். கொதிக்கும் பொங்கல் பானையை இருபது சென்டிமீட்டரில் எடுத்தால் லென்ஸும் சேர்ந்து வேகும். ஓரடி தள்ளியே நில்லுங்கள். ஆகவே விலை குறைந்ததே உங்களுக்குப் போதும்; மிச்சப் பணத்துக்குப் பிலிம் வாங்குங்கள். தெருவில் எஃப் 8 வைத்து, தூரத்தைப் பதினோரடியில் நிறுத்திவிட்டால் ஐந்தரை அடியிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். போகஸைத் தொட வேண்டியதே இல்லை.

எனக்கு 35 மி.மீ.தான் உயிர் என்பது இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் எதிர்ச்சுவருக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

டோம்பிவிலியிலிருந்து ஒருவர்: என்னுடையது நிக்கான் எஃப்எம்2. மாமனார் கொடுத்த பழைய நிக்கார் லென்ஸின் வளையத்தில் முயல் காது மாதிரி ஓர் உலோகத் துண்டு நிற்கிறது. மாட்டினால் ஏதோ இடிக்கிறது. அழுத்தித் திருப்பலாமா?

கையை எடுங்கள்! நிக்கானின் மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் வாய், 1959 முதல் ஒன்றுதான். ஆனால் துளையின் அளவைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் முறையை 1977இல் மாற்றினார்கள். அதைத்தான் ஏஐ என்பார்கள். அதற்கு முந்தைய லென்ஸை எஃப்எம்2இல் திணித்தால் மவுண்ட்டின் ஓரத்திலுள்ள சின்ன நாக்கு வளைந்துவிடும். முதல் எஃப்எம், எஃப்இ கேமராக்களில் அந்த நாக்கை மேலே மடக்கிக்கொள்ளலாம். அவற்றில் பழைய லென்ஸ் மாட்டும். எஃப்எம்2இல் மடக்க முடியாது.

காது இருப்பதாலேயே பழையது என்று முடிவுகட்ட வேண்டாம். ஏஐ லென்ஸ்களிலும் காது உண்டு, ஆனால் அதில் ஓட்டை இருக்கும். மவுண்ட் ஓரத்தில் துளை எண்கள் இரண்டாம் வரிசையாகப் பொடி எழுத்தில் இருக்கும். உங்களுடையது ஓட்டையில்லாக் காது என்றால் பழையதுதான். சில லென்ஸ்களில் வளையத்தை மட்டும் மாற்றியோ அரத்தால் தேய்த்தோ ஏஐ ஆக்கியிருப்பார்கள். இடிக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் அதுவும் நடக்கவில்லை. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து வளையத்தை இழைத்துக்கொள்ளலாம்.

செம்பூரிலிருந்து ஓர் அம்மா: மறைந்த என் கணவருடைய கேனன் ஏஇ-1 ஏழு வருடமாகப் பீரோவில் இருந்தது. பேரன் கேட்டதால் எடுத்தேன். 50 எஃப் 1.8, 28 எஃப் 2.8, 70–210 ஜூம் மூன்றிலும் உள்ளே வெள்ளை இழை படர்ந்திருக்கிறது. இது ஒட்டுவாரொட்டி என்கிறார்கள். மூன்றையும் சுத்தம் செய்யவா, தூக்கி எறியவா? அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் உள்ளே எதுவும் அசையவும் இல்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா, பயம் தீரட்டும். கேனனின் எஃப்டி லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினால் பிளேடுகள் அசையாது. அதன் அமைப்பே அப்படி. இப்படித் திருப்பிப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று எடைக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுவாரொட்டி என்பதில் பாதி உண்மை. பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. நல்ல லென்ஸ் மேலும் இந்நேரம் உட்கார்ந்திருக்கும். அது முளைக்க ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டினால் கொண்டாட்டம். ஜூலையில் நம் ஊரில் எண்பதுக்குக் குறைவதே அபூர்வம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், இருட்டுப் பீரோவில், ஏழு வருடம்! படராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. இருந்தாலும் பூஞ்சை கண்டதைத் தனி டப்பாவில் வையுங்கள், அம்மை போட்ட பிள்ளையைத் தனியே படுக்க வைப்பது போல.

மூன்றையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். 50 எஃப் 1.8 கேனன் கணக்கில்லாமல் செய்து தள்ளிய லென்ஸ். சுத்தம் செய்யும் கூலிக்கே இன்னொன்று கிடைக்கலாம். ஜூமுக்குள் கண்ணாடிகள் அதிகம், பிரித்து மாட்டும் வேலையும் அதிகம், அதை விட்டுவிடுங்கள். 28ஐக் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் ஒன்று: பூஞ்சை ஒருவித அமிலத்தைக் கக்கும். அது கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்திருந்தால், இழையைத் துடைத்த பிறகும் அதன் தடம் நிற்கும். அதை யாராலும் போக்க முடியாது. ‘புதிது போல் ஆக்கித் தருகிறேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்பவரிடம் கொடுங்கள். ஓரமாக நாலைந்து இழை மட்டும் என்றால் படத்தில் தெரியவே தெரியாது. வெயிலை எதிர்த்து எடுக்கும்போதுதான் படம் சற்று வெளுக்கும்.

இனி வராமல் இருக்க, ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, நீல நிறச் சிலிகா ஜெல் கால் கிலோ, உள்ளே வைக்க ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் போதும். முப்பதுக்குக் கீழே போனால் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் உலரத் தொடங்கும். நீலம் ரோஜா நிறமானால் ஜெல் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று பொருள். பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் நீலம் திரும்பும். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள், அந்த நீலம் நஞ்சு. அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டாம். மாவுத் தூசி உள்ளே போய்ப் பூஞ்சைக்குச் சாப்பாடாகும். தோல் உறையை ஆணியில் மாட்டிவிட்டு லென்ஸை மட்டும் டப்பாவில் வையுங்கள்.

தோல் உறை என்றதும் சொல்லியாக வேண்டும். 1994இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவன், என் 105 மி.மீ. எஃப் 2.5 நிக்காரைத் தோல் உறையில் போட்டு, மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். ஊரார் கேமராவுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற ஆள்! ஜூன், ஜூலை இரண்டு மாதம். திரும்பி வந்து விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்கண்ணாடியில் மார்கழிக் கோலம். நானே பிரித்தேன், நானே துடைத்தேன். கோலத்தின் தடம் இன்றும் இருக்கிறது. வெளிச்சத்தை எதிர்த்து எடுத்தால் சரியாகக் கழுவாத பால் பாத்திரத்தின் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

முலுண்டிலிருந்து ஒருவர்: பென்டாக்ஸ் கே1000க்கு லென்ஸ் வாங்க போரா பஜாருக்குப் போகிறேன். கடையில் நின்று ஐந்து நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

திருகாணியைப் பாருங்கள். எல்லோரும் கண்ணாடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் மவுண்ட்டில் இருக்கும் திருகாணித் தலைகளைப் பார்ப்பேன். தலை சிதைந்திருந்தால் முன்பே யாரோ பிரித்திருக்கிறார்கள், அதுவும் சரியான கருவி இல்லாமல். அப்படிப்பட்ட லென்ஸ் எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு வேண்டாம்.

பிறகு கைப்பேசி விளக்கைப் பின்பக்கமிருந்து அடித்து, துளையை முழுதாகத் திறந்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். வேர் போலவோ சிலந்தி வலை போலவோ தெரிந்தால் பூஞ்சை. மூச்சு விட்ட கண்ணாடி போல முழுவதும் மங்கலாக இருந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது, சுத்தம் செய்யலாம். ஓரத்தில் சோப்புக் குமிழியின் நிறங்கள் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். தூசியைப் பொருட்படுத்த வேண்டாம். தூசி இல்லாத பழைய லென்ஸ் கிடையாது. முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருப்பது விலை பேச உதவும். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள், அது படத்தில் தெரியும்.

பின்பக்கத்தில் துளையை இயக்கும் சின்ன நெம்புகோல் இருக்கும். விரலால் தட்டினால் பிளேடுகள் கண் சிமிட்டுவது போல மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் துளை சுருங்காது; படம் வெளுத்துப் போகும். போகஸ் வளையம் இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை, கிரீஸ் மாற்றலாம். ஆடினால் வேண்டாம்.

கடைசிச் சோதனைக்குக் கடையில் இடம் கிடையாது. லென்ஸைக் கேமராவில் மாட்டி, போகஸை முடிவிலிக் குறியில் வைத்து, வெகு தொலைவில் உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும். போரா பஜார் தெருவில் வெகு தொலைவு என்பதே இல்லை. எதிர்க்கடைப் பலகைதான் தெரியும். கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்தின் எதிர்ப்பக்கம் வரை நடந்து, நிலையக் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் யாரோ பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். பையன் முணுமுணுப்பான். ஒரு கட்டிங் சாய் வாங்கிக் கொடுங்கள்.

வடாலாவிலிருந்து ஒருவர்: யுவி ஃபில்டர் அவசியமா?

மழைக்காலத்தில் மெரின் டிரைவில் அலைத்துளி படும்போது அவசியம். இரவில் தெருவிளக்கை எதிர்த்து எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தில் இல்லாத இடத்திலும் பேய் விளக்கு விழும். மற்ற நாட்களில் உங்கள் இஷ்டம்.

சயான் கோலிவாடாவிலிருந்து ஒருவர்: தாத்தாவின் ஜெனிட்-ஈ கேமராவில் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் இருக்கிறது. படத்தில் மங்கலான பின்னணி சுழல்வது போலத் தெரியும் என்று இணையத்தில் அதைப் புகழ்கிறார்கள். எனக்குச் சுழலவில்லை. லென்ஸ் போலியா? இந்தக் கேமராவுக்கு வேறு லென்ஸ் பொருந்துமா?

போலியில்லை. சுழல வைக்க எஃப் 2 என்று துளையை முழுதாகத் திறக்க வேண்டும், ஆள் சில அடி தூரத்தில் இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் பல அடி தள்ளி இலைகள் அடர்ந்திருக்க வேண்டும். சுவருக்கு முன்னால் நிறுத்தினால் எதுவும் சுழலாது. ஃபைவ் கார்டன்ஸ் மரங்களுக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். ஜெர்மனியின் ஜெனா நகரத்து சைஸ் செய்த பயோட்டார் 58 எஃப் 2 லென்ஸைப் பார்த்து சோவியத் நாட்டில் செய்ததுதான் ஹீலியோஸ். சுழல்வதைக் குறை என்று சொல்லி அக்காலத்தில் என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. ‘இது நோயில்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்று அதற்கே விலை வைக்கிறார்கள்!

பொருந்துமா என்றால், எம்42 என்கிற திருகு மவுண்ட் இது: 42 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் லென்ஸ்களும் இதில் திருகும். ஆனால் ஜெனிட்-ஈ கேமராவில் லென்ஸின் பின்னால் உள்ள, துளையை மூடும் ஊசியை அழுத்தும் தகடு கிடையாது. அதனால்தான் ஹீலியோஸுக்கு இரண்டு வளையங்கள்: ஒன்றில் எண்ணை வைத்துவிட்டு, போகஸ் செய்து முடித்ததும் மற்றதைத் திருப்பித் துளையை நீங்களே மூட வேண்டும். தானியங்கித் துளை உள்ள லென்ஸை இதில் மாட்டினால் துளை திறந்தபடியே நிற்கும். ஆட்டோ–மேனுவல் விசை உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பென்டாக்ஸ் டகுமார்களில் அந்த விசை இருக்கும். உங்கள் ஷட்டர் 1/30இல் தொடங்கி 1/500இல் முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அரையிருட்டில் எடுக்கப் பிறந்த கேமரா இல்லை அது.

அதே வட்டாரத்திலிருந்து இன்னொருவர்: சூப்பர் டகுமார் 50 எஃப் 1.4 வாங்கினேன். கண்ணாடி தேநீர் நிறத்தில் இருக்கிறது. கதிரியக்கம் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

நண்பர் பொய் சொல்லவில்லை. ஏழு கண்ணாடிகள் கொண்ட டகுமாரில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கும். ஒளியை நன்றாக வளைக்கும், நிறங்களை அதிகம் பிரிக்காது என்பதால் அன்று பல கம்பெனிகள் அதைச் சேர்த்தன. அதன் கதிர் மிகச் சொற்பம். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் ஆபத்தில்லை. பூதக்கண்ணாடியாகக் கண்ணில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டாம், உடைந்தால் தூளைத் தொட வேண்டாம். அந்தக் கதிர்தான் நாளடைவில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. புற ஊதா ஒளி பட்டால் மீண்டும் தெளியும். சன்னலோரம் வெயிலில் சில வாரம் வையுங்கள், அல்லது புற ஊதா விளக்கின் கீழ் சில நாள். வெயிலில் வைக்கும்போது பின்மூடியைப் போட்டு, முகம் வெயிலைப் பார்க்க வையுங்கள். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும். கறுப்பு வெள்ளை மட்டும் எடுப்பவராக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், மேகம் எடுக்க இனாமாக ஒரு மஞ்சள் ஃபில்டர் கிடைத்தது.

வாஷியிலிருந்து ஒருவர்: மினோல்டா எக்ஸ்-700 வைத்திருக்கிறேன். சிவ்ரியில் பூநாரைகளை எடுக்க 500 மி.மீ. மிரர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சிவ்ரியைத் தவிர வேறு எங்கு என்றாலும் யோசித்திருப்பேன். மிரர் லென்ஸுக்குள் நடுவில் ஒரு கண்ணாடி மறைத்து நிற்பதால், போகஸுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் மெதுவடை போல வட்டமாக, நடுவில் ஓட்டையோடு விழும். வெயில் மின்னும் சேற்றுநீரில் எத்தனை ஒளிப்புள்ளிகள்! படம் முழுக்க வடைதான். துளையும் எஃப் 8இல் நிலையாக நிற்கும். போகஸ் திரையின் நடுவட்டம் பாதி கறுத்துவிடும், எங்கே போகஸ் என்று கண் கூசிக் கண்ணீர் வரும்.

கணக்கையும் பாருங்கள். சிவ்ரியில் பெரும்பாலும் இருப்பவை சிறு பூநாரைகள், மூன்றடிக்கும் குறைவு. நூறு மீட்டரில் 500 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்தைப் பார்க்கும். பறவை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு பாடுபட்டும் ஒற்றைப் பறவையின் கண்ணும் அலகும் கிடைக்காது. ஆகவே பறவையை விட்டுக் கூட்டத்தை எடுங்கள். 200 மி.மீ. எஃப் 4 வாங்கினால் நூறு மீட்டரில் பதினெட்டு மீட்டர் அகலம். இளஞ்சிவப்புக் கோடு ஒன்று, பின்னால் ஆலைக் குழாய்கள், 2024இல் திறந்த அடல் சேது. காலை நேரத்தில் எஃப் 4, 1/250, பிலிம் 400. கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். 500க்குப் பதில் 200 வாங்கியதில் விட்ட 300 மி.மீ.யை நீர் உங்களுக்கு இனாமாகக் கொடுக்கும். உங்கள் பக்கத்திலேயே நெருளிலும் வருகின்றனவே, ஏன் சிவ்ரிக்கு ரயில் ஏற வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை.

சயானிலிருந்து ஒரு மாணவி: சேடா நகர் முருகன் கோயிலில் காவடி எடுப்பவர்களைப் படம் பிடிக்க ஆசை. 105 மி.மீ. விலை கைக்கு எட்டவில்லை. 135 மி.மீ. எங்கு பார்த்தாலும் மலிவாக இருக்கிறதே, ஏதாவது குறை உண்டா?

குறை லென்ஸில் இல்லை, கிராக்கியில் இருக்கிறது. 28, 50, 135 என்று மூன்றையும் ஒரு குடும்பமாக விற்ற காலம் உண்டு. வீட்டுக்கு வீடு ஒரு 135 போய்ச் சேர்ந்தது. போன பிறகுதான் தெரிந்தது, பத்தடியில் அது இரண்டே முக்கால் அடி அகலத்தைத்தான் பார்க்கும் என்று. நம் ஊர் வீடுகளில் பின்னால் நகர்ந்தால் சுவர், இன்னும் நகர்ந்தால் பக்கத்து வீடு. எடுத்து வைத்தவர்கள் எடுத்து வைத்தபடியே விட்டுவிட்டார்கள். ஆகவே தேயாமல் கிடக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. 105 எஃப் 2.5 கதை வேறு. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக்கண் சிறுமியின் படம் அந்த லென்ஸில், நிக்கான் எஃப்எம்2இல், கோடாக்ரோம் பிலிமில் எடுத்தது. அந்தப் படத்தின் புகழுக்கும் சேர்த்து இன்று விலை வைக்கிறார்கள்.

வாங்குங்கள், எஃப் 2.8 அல்லது 3.5 எதுவானாலும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து முப்பதடியில் நின்றால் எட்டடி உயரம் படத்துக்குள் வரும்: பாதத்திலிருந்து காவடியின் மயிற்பீலி வரை. காவடி ஆடும், ஷட்டரை 1/250க்குக் குறைக்காதீர்கள். மேல்படியில் நின்று கீழ்நோக்கி எடுத்தால் முகம் காவடி வளைவுக்குள் மறைந்துவிடும். கீழே நின்று, ஏறப் போகிறவர் ஒரு கணம் நின்று நிமிரும்போது அழுத்துங்கள். செருப்பை எங்கே விட்டீர்கள் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்குனி உத்திரத்தில் இரண்டு ரோல் முடித்த மகிழ்ச்சியில் அதை மறந்து, தார் உருகும் வெயிலில் வெறுங்காலோடு மாட்டுங்கா வரை வந்தவன் நான்.